பிறந்த ஆண்டு மானை விடுவதில்லை: குட்டிப் பருவமும் ஆயுளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் விலங்கியல் படிக்கும் மாணவர்களும், பிள்ளைகளைக் கிண்டிக்கு மான் பார்க்கக் கூட்டிப்போகும் பெற்றோரும் குட்டிப் பருவத்துச் சூழல் மானின் பிற்கால வாழ்வை எப்படி மாற்றுகிறது என்று திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. ஆண் மானைக் கலை என்றும் பெண் மானைப் பிணை என்றும் எழுதுகிறோம். எண்களில் பெரும்பாலானவை ஸ்காட்லாந்தின் செம்மானையும் (red deer) பிரான்ஸின் ரோ மானையும் (roe deer என்ற சிறிய மான்) பற்றியவை. கிண்டியில் நாம் பார்க்கும் புள்ளிமானுக்கு அவற்றை அப்படியே தூக்கி ஒட்டக் கூடாது. எங்கே ஒட்டும், எங்கே ஒட்டாது என்பதை அந்தந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறோம்.

குட்டிப் பருவச் சூழல் என்று எதையெல்லாம் சொல்கிறீர்கள்?

பிறப்பதற்கு முன்பிருந்தே கணக்கு தொடங்குகிறது. செம்மானின் சினைக்காலம் ஏறக்குறைய 235 நாள். வயிற்றுக் குட்டி எடை போடுவதெல்லாம் பெரும்பாலும் கடைசி மூன்றில் ஒரு பங்கில்தான். அந்த நாட்களில் தாய்க்குப் பசும்புல் கிடைத்ததா என்பது முதல் கேள்வி. அடுத்து பிறந்தபோது இருந்த எடை, பிறந்த தேதி, தாயின் பால், அந்த ஆண்டின் மழையும் வெப்பமும், அதே மேய்ச்சலில் எத்தனை வாய்கள் என்பது. கடைசியாக, பால் மறக்கும் நேரத்தில் குட்டி சந்திக்கும் முதல் பஞ்ச காலம். ஸ்காட்லாந்தில் அது குளிர்காலத்தின் பின்பாதி. நம் ஊரில் அது கோடை.

இவற்றைத் தனித்தனியாக வைத்துப் பார்த்தால் ஏமாந்துபோவோம். தாமதமாகப் பிறந்த குட்டி பெரும்பாலும் மெலிந்த தாயின் குட்டியாகவும் இருக்கும். அது செத்தால் தேதியால் செத்ததா, பாலால் செத்ததா என்று பிரித்துச் சொல்ல நூற்றுக்கணக்கான குட்டிகளின் பதிவு வேண்டும்.

கெட்ட ஆண்டில் யார் அதிகம் சாகிறார்கள், ஆண் குட்டியா பெண் குட்டியா?

கலை பிணையைவிட மிகப் பெரிதாக வளரும் இனங்களில், தீனி குறைந்த ஆண்டில் ஆண் குட்டிகளே அதிகம் சாகின்றன. செம்மானில் இது தெளிவாகத் தெரிகிறது. காரணம் வீரமோ பலவீனமோ அல்ல, வளர்ச்சிக் கணக்கு. ஆண் குட்டி கொஞ்சம் கூடுதல் எடையோடு பிறக்கிறது, வேகமாக வளர்கிறது, அடிக்கடி பால் கேட்கிறது. உண்பதை எலும்புக்கும் தசைக்கும் செலவழித்துவிடுவதால் கொழுப்புச் சேமிப்பு குறைவு. தீனி தட்டுப்படும் நாளில் சேமிப்பு இல்லாதவன் முதலில் விழுகிறான்.

தாய்க்கும் இதில் செலவு உண்டு. செம்மானில் ஆண் குட்டியை வளர்த்த பிணை, பெண் குட்டியை வளர்த்த பிணையைவிட அடுத்த ஆண்டு குட்டி போடாமல் இருக்கும் வாய்ப்பு அதிகம். 1980-களின் தொடக்கத்திலேயே இது பதிவாகிவிட்டது.

ரோ மானில் கலைக்கும் பிணைக்கும் உடல் அளவில் பெரிய வேறுபாடு கிடையாது. அதனால் குட்டிச் சாவிலும் ஆண்-பெண் வேறுபாடு சிறிதாகவே இருக்கிறது. புள்ளிமானில் கலை கணிசமாகப் பெரியது. எனவே செம்மான் பக்கம் சாயும் என்று எதிர்பார்க்கலாம், ஆனால் எதிர்பார்ப்பு அளவீடு ஆகாது.

இதெல்லாம் எப்படித் தெரியும்? காட்டு மானின் பிறந்தநாளை யார் குறித்துவைத்தார்கள்?

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையை ஒட்டி ரம் என்ற தீவு இருக்கிறது. அதன் வடபகுதியில் ஏறக்குறைய 12 சதுர கிலோமீட்டர் பரப்பில் வாழும் செம்மான்களை 1972 முதல் ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு, பிறப்பிலிருந்து சாவு வரை பதிவு செய்கிறார்கள். டிம் கிளட்டன்-பிராக், ஃபியோனா கின்னஸ், ஸ்டீவ் ஆல்பன் ஆகியோர் வளர்த்தெடுத்த பணியைப் பின்னாளில் ஜோசஃபின் பெம்பர்ட்டன், லூஸ்கே க்ரூக் போன்றோர் தொடர்ந்தார்கள். தாய் யார் என்பது பார்த்தாலே தெரியும். தந்தை யார் என்பதற்கு டிஎன்ஏ சோதனை.

ஆய்வு தொடங்கிய சமயத்தில் அந்தப் பகுதியில் வேட்டையாடிக் குறைப்பது நிறுத்தப்பட்டது. பிணைகளின் எண்ணிக்கை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. அதே நிலம், அதே புல், வாய் மட்டும் கூடியது. இப்படி ஒரு சோதனையை யாரும் திட்டமிட்டுக்கூட அமைக்க முடியாது. கூட்டம் பெருகப் பெருகக் குட்டிகளின் முதல் குளிர்காலச் சாவு கூடியது, கலைகளின் எண்ணிக்கை பிணைகளோடு ஒப்பிடச் சரிந்தது.

பிரான்ஸில் ழான்-மிஷேல் கயார் குழுவினர் 1970-களின் பின்பாதி முதல் ரோ மான்களைப் பின்தொடரும் இரண்டு காடுகள் உண்டு. ட்ருவா-ஃபொந்தேன் வளமான மண். ஷீஸே வறண்ட கோடை கொண்ட ஏழை மண். ஒரே இனத்தை இரண்டு விதமான தொடக்கங்களில் வைத்துப் பார்க்க இந்த ஜோடிக்கு ஈடில்லை.

பிறந்த எடையை எப்படி எடுக்கிறார்கள்? குட்டி ஓடிவிடாதா?

முதல் சில நாட்கள் ஓடாது, ஒளிந்து படுத்திருக்கும். அந்த இடைவெளிதான் வாய்ப்பு.

கூட்டத்திலிருந்து சினைப் பிணை ஒன்று தனியே ஒதுங்குவதைத் தூரத்திலிருந்து கவனிக்கிறார்கள். மடி இறங்கியிருக்கும். ஈன்ற பிறகு வயிறு ஒட்டியிருக்கும், பின்பக்கம் ஈரமாக இருக்கும். பால் கொடுத்துவிட்டுத் தாய் விலகி மேயப் போனதும் குட்டி படுத்த இடத்துக்கு நேராக நடக்கிறார்கள். பையில் வைத்துத் தொங்கு தராசில் எடை, காதில் அடையாள வில்லை, மரபணுவுக்குக் காதிலிருந்து ஒரு சிறு துணுக்கு, ஆணா பெண்ணா என்ற குறிப்பு, தொப்புள்கொடி ஈரமா காய்ந்ததா என்ற குறிப்பு. சில நிமிடங்களில் முடித்து, எடுத்த இடத்திலேயே அதே பக்கமாகப் படுக்கவைத்துவிட்டு விலகிவிட வேண்டும்.

பிறந்த நிமிடத்திலேயே எடை எடுப்பது அரிது. அதனால் திருத்தம் தேவை. ரம் தீவுக் குட்டிகள் தொடக்க நாட்களில் மணிக்கு ஏறக்குறைய 15 கிராம் ஏறுகின்றன. 40 மணி நேரக் குட்டி 7.2 கிலோ இருந்தால் 40 × 15 = 600 கிராமைக் கழித்து, பிறந்த எடை 6.6 கிலோ என்று எழுதுவார்கள். பிறந்த நேரத்தை 10 மணி நேரம் தவறாகக் கணித்தால் 150 கிராம் பிழை. அதைவிடப் பெரிய பிழை ஒன்று உண்டு. முதல் நாளிலேயே செத்த குட்டி தராசுக்கே வருவதில்லை. மிக மெலிந்தவை பதிவில் குறைவாக விழுவதால், எடைக்கும் சாவுக்கும் உள்ள தொடர்பு உண்மையைவிட மென்மையாகத் தெரியும்.

கஷ்டமான ஆண்டில் பிறந்து தப்பியவை உறுதியானவையா, நலிந்தவையா?

எல்லாக் கேள்விகளிலும் இதுதான் உயிரானது. இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் எதிரெதிராக நடக்கின்றன. ஒன்று சல்லடை: பலவீனமானவை முதல் ஆண்டிலேயே கழிந்துவிடுவதால் மிச்சம் நிற்பவை சராசரியில் வலுவானவை. மற்றொன்று தழும்பு: தப்பிய ஒவ்வொன்றின் உடலிலும் அந்தப் பஞ்சம் ஏதோ ஒரு குறையை வைத்துவிட்டுப் போகிறது.

கணக்கைப் புரியவைக்க எண்களை நாமே வைத்துக்கொள்வோம். 100 குட்டிகள், அதில் 50 வலுவானவை, 50 மெலிந்தவை. நல்ல ஆண்டில் வலுவானவற்றில் 90 விழுக்காடும் மெலிந்தவற்றில் 80 விழுக்காடும் பிழைத்தால் 45 + 40 = 85 மிஞ்சும். கெட்ட ஆண்டில் 70 விழுக்காடும் 20 விழுக்காடும் என்றால் 35 + 10 = 45.

பெரியதான பிறகு வலுவானவை ஆண்டுக்கு 90 விழுக்காடும் மெலிந்தவை 80 விழுக்காடும் பிழைக்கின்றன என்று வையுங்கள். நல்ல ஆண்டுக் கூட்டத்தின் சராசரிப் பிழைப்பு 85.3 விழுக்காடு. கெட்ட ஆண்டுக் கூட்டத்துக்கு 87.8. பஞ்சத்தில் பிறந்ததே நன்மை என்பது போலத் தோன்றுகிறது பாருங்கள். ஒரு மானும் உறுதியாகவில்லை, மெலிந்தவை செத்துவிட்டன, அவ்வளவுதான்.

இப்போது தழும்பைச் சேருங்கள். கெட்ட ஆண்டில் பிறந்த எல்லாவற்றுக்கும் 4 புள்ளி குறைத்து 86, 76 என்று வைத்தால் சராசரி 83.8-க்கு இறங்கிவிடுகிறது. வெறும் 4 புள்ளியில் முடிவு தலைகீழாகப் புரண்டது.

ஆணுக்கும் பெண்ணுக்கும் விடை ஏன் வேறுபடக்கூடும் என்பதும் இங்கேதான் விளங்கும். ஆண் குட்டிகளின் சாவு அதிகமென்றால் அவற்றின் சல்லடைக் கண் இறுக்கமானது, எஞ்சிய கலைகள் கடுமையாகப் பொறுக்கப்பட்டவை. பெண் குட்டிகளில் சல்லடை தளர்ந்திருந்தால் நலிந்தவையும் வளர்ந்து பிணையாகும், தழும்பு அவற்றின் வாழ்நாளில் வெளிப்படும். ஆகவே பெரிய மான்களை மட்டும் பார்த்து ‘இந்த இனத்துக் கலைகள் பஞ்சத்தைத் தாங்கும்’ என்று எழுதாதீர்கள். முதலில் அந்த ஆண்டில் எத்தனை ஆண் குட்டி, எத்தனை பெண் குட்டி கழிந்தன என்ற எண்ணைக் கேளுங்கள்.

முதல் ஆண்டைத் தாண்டிய பிறகும் தாக்கம் இருக்குமா?

இருக்கிறது, இரு பாலிலும் வேறு வேறு இடத்தில். ரம் தீவில் கூடுதல் எடையோடு பிறந்த கலைகள் வாழ்நாளில் அதிகக் குட்டிகளுக்குத் தந்தையாயின. கலைக்குப் போட்டியில் உடல் அளவே முதலீடு. செப்டம்பர், அக்டோபர் இணைசேரும் பருவத்தில் பிணைக் கூட்டத்தைக் காக்க மற்றக் கலைகளோடு மோத வேண்டும். தொடக்கத்தில் இழந்த கிலோக்களைப் பிறகு முழுதாக ஈடுகட்டுவது கடினம். பிணைகளில் பிறந்த எடைக்கும் வாழ்நாள் குட்டிக் கணக்குக்கும் அப்படி நேரான தொடர்பு தெரியவில்லை.

பிணைக்குத் தாக்கம் முதுமையில் வந்து நிற்கிறது. கூட்டம் நெருக்கமாக இருந்த ஆண்டுகளில் வளர்ந்த பிணைகள் விரைவாக மூப்படைந்தன என்று 2007-இல் வெளியான ரம் ஆய்வு காட்டியது. வயது ஏற ஏற அவற்றின் குட்டிகளின் பிறந்த எடை மற்றப் பிணைகளுடையதைவிட வேகமாகச் சரிந்தது. அதாவது தாயின் குட்டிப் பருவ நெருக்கடி, முதுமையில் அது ஈனும் குட்டியின் தராசில் தெரிகிறது. பத்து ஆண்டுகளுக்கும் மேல் ஒரே மானைப் பின்தொடராமல் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. மூன்று ஆண்டு நிதியில் முடியும் ஆய்வுகள் இந்த இடத்தில் எதுவும் இல்லை என்றே சொல்லும்.

வறட்சியில் பிறந்தது வறட்சியைத் தாங்கப் பழகிவிடும் என்கிறார்களே?

கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் நீண்ட ஆயுள் கொண்ட காட்டு மான்களில் இதற்கு வலுவான சான்று இல்லை. பிறந்த ஆண்டின் வானிலை, ஏழு எட்டு ஆண்டு கழித்து வரப்போகும் வானிலையைச் சொல்லாது. தவறான முன்னறிவிப்புக்கு ஏற்ப உடம்பைக் கட்டினால் இழப்புதான். நல்ல தொடக்கம் பெற்றவை நல்ல ஆண்டிலும் கெட்ட ஆண்டிலும் முன்னிலையில் இருப்பதே பொதுவாகக் காணப்படுவது.

காலநிலை மாறினால் பிறந்த தேதியும் நகராதா?

ரம் செம்மானில் நகர்ந்தது. ஈனும் தேதி பத்தாண்டுக்கு ஏறக்குறைய 4 நாள் முன்னே வந்திருக்கிறது. ட்ருவா-ஃபொந்தேன் ரோ மானில் நகரவில்லை. வசந்தத் தளிர் முன்னதாகவே வந்துவிடுகிறது, குட்டிகள் பழைய தேதியிலேயே பிறக்கின்றன. ரோ மானின் கரு ஜூலை, ஆகஸ்டில் உண்டாகி மாதக்கணக்கில் வளராமல் காத்திருந்து, குளிர்காலத்தில்தான் கருப்பையில் பதிகிறது. நேரத்தை அது பகல் நீளத்தை வைத்தே பெரும்பாலும் பார்க்கிறது. பகல் நீளம் காலநிலையால் மாறுவதில்லையே.

கிண்டிப் புள்ளிமானுக்கு இதில் எது பொருந்தும்?

கிண்டி தேசியப் பூங்கா 2.7 சதுர கிலோமீட்டர் மட்டுமே. 1978-இல் தேசியப் பூங்கா ஆனது. சுற்றிலும் சாலையும் சுவரும் கட்டடமும் என்பதால் கூட்டம் பெருகினால் வெளியே போக வழி குறைவு. மேய்ச்சல் நெருக்கடி என்ற காரணம் அதனால் நன்றாகவே பொருந்தும்.

தேதி விஷயம் அப்படியே பொருந்தாது. செம்மான் மே கடைசியிலும் ஜூனிலும் சேர்ந்தாற்போல் ஈனும். புள்ளிமான் ஆண்டு முழுவதும் எந்த மாதத்திலும் ஈனக்கூடியது, வழக்கமாக ஒரே குட்டி. எனவே ‘2024 குட்டிகள்’ என்று ஒரே பெட்டியில் போடாமல் பிறந்த மாதத்தைக் குறிக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் புல் எழும் நேரத்தில் பால் குடிக்கும் குட்டியும், ஏப்ரல் வெயிலில் பால் குடிக்கும் குட்டியும் ஒரே ஆண்டில் பிறந்தாலும் ஒரே தொடக்கம் பெற்றவை அல்ல.

ரம் தீவில் இல்லாத இரண்டு ஆபத்துகள் சென்னையில் உண்டு. தெருநாய், பிளாஸ்டிக். அசைபோடும் விலங்கின் முதல் இரைப்பையில் பிளாஸ்டிக் உறை தங்கினால் அது செரிப்பதுமில்லை, எளிதில் வெளியேறுவதுமில்லை. இடத்தை அடைத்துக்கொள்வதால் பிணை வயிறு நிறைந்தே மெலிகிறது. சினையாக இருந்தால் குட்டியும் மெலிகிறது. சிற்றுண்டி உறையை வேலியோரம் போடுவது பிறக்காத குட்டியின் எடையில் கைவைப்பதுதான்.

மாணவர்கள் கிண்டியில் என்ன அளக்கலாம்?

விம்கோ நகரிலிருந்து மெட்ரோ நீல வழித்தடத்தில் வண்டி மாறாமல் கிண்டி போய்விடலாம். பூங்காவின் உட்பகுதிக்கு வனத்துறை அனுமதி வேண்டும். பிடிப்பதும் காதில் வில்லை போடுவதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியின்றிக் குற்றம். கண்ணால் எண்ணுவது போதும். 100 பிணைக்கு எத்தனை குட்டி என்ற விகிதத்தை மாதாமாதம் எடுங்கள்.

8 × 42 பைனாகுலர், ஒரே பாதை, காலை ஒரே நேரம், ஒரே திசை. ஒவ்வொரு கூட்டத்துக்கும் பிணை, குட்டி, ஓராண்டுக் கலை, பெரிய கலை என்று நான்கு கட்டம். செம்மானில் புள்ளி இருந்தால் குட்டி. புள்ளிமானில் கிழவிக்கும் புள்ளி உண்டு, எனவே உயரத்தை வைத்துச் சொல்லுங்கள். முதுகு தாயின் வயிற்று மட்டத்தில் இருந்தால் ‘சிறு குட்டி’, அதற்கு மேல் தோள்வரை ‘பெரிய குட்டி’. குட்டி ஆணா பெண்ணா என்று தூரத்திலிருந்து ஊகிக்க வேண்டாம், ‘தெரியவில்லை’ என்றே எழுதுங்கள். ஊகித்து எழுதிய ஒரு கட்டம், மேலே சொன்ன சல்லடைக் கணக்கு முழுவதையும் கெடுத்துவிடும்.

சில வாரங்கள் வரை குட்டிகள் ஒளிந்திருப்பதால் எண்ணிக்கை குறைவாகவே வரும். இந்த மாத விகிதத்தில் போன மாதப் பிறப்புகளும் கலந்து தெரியும்.

தரவில் அடிக்கடி நேரும் தவறு எது?

காணாமல் போனதைச் செத்ததாக எழுதுவது. இளம் கலைகள் பிறந்த இடத்தை விட்டு விலகிப் போகின்றன, பிணைகள் பெரும்பாலும் தாயின் மேய்ச்சலை ஒட்டியே தங்குகின்றன. காணாததையெல்லாம் சாவென்றால் ஆண்களின் சாவு பொய்யாக ஏறும். அடையாளமிட்டு மீண்டும் காணும் முறையில் ‘உயிரோடு இருக்கும் வாய்ப்பு’, ‘இருந்தால் கண்ணில் படும் வாய்ப்பு’ இரண்டையும் பிரித்துக் கணிக்க வேண்டும், அதுவும் ஆணுக்குத் தனி, பெண்ணுக்குத் தனி.

அடுத்தது வயது. புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டியில் கீழ்வாயைத் திறந்து ‘ரெண்டு பல்’, ‘நாலு பல்’ என்று வயது சொல்வது போல மானுக்கும் பல் விழுந்து முளைக்கும் வரை ஓரளவு சரியாகச் சொல்லலாம். எல்லாப் பல்லும் மாறிய பிறகு தேய்மானத்தை வைத்துச் சொல்வது ஊகம். மணல் கலந்த புல்லைத் தின்பது சீக்கிரம் கிழடாகத் தெரியும். பிறந்த ஆண்டு தெரியாத மானைப் பிறந்த ஆண்டு ஆய்வில் சேர்க்கவே கூடாது.

வீட்டில் வளர்க்கும் வெள்ளாட்டுக்கு இது உதவுமா?

உதவும். கொடுங்கையூர், கொருக்குப்பேட்டைச் சந்துகளில் ஆடு வைத்திருப்பவர்களுக்கு முக்கியமானது சினையின் கடைசி ஆறு வாரத் தீனியும் சீம்பாலும். குட்டி எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால் முதல் 24 மணி நேரத்துக்குள் உள்ளே போக வேண்டும். 2 கிலோ குட்டிக்கு 200 மில்லி, பல தடவையாக, முதல் தடவை ஒரு மணி நேரத்துக்குள். நேரம் போகப் போகக் குடல் சீம்பாலில் உள்ள நோய் எதிர்ப்புப் பொருளை உறிஞ்சுவது குறைந்துகொண்டே வரும். இரட்டைக் குட்டியில் சிறியதை முதலில் காம்பில் விடுங்கள்.

புதரோரம் குட்டி தனியாகப் படுத்திருக்கிறது. எடுத்துவரலாமா?

வேண்டாம். அது அநாதை அல்ல. தாய் நாளுக்குச் சில தடவை மட்டும் வந்து பாலூட்டி, குட்டியின் கழிவை நக்கித் தின்று வாசனையை மறைத்துவிட்டுத் தள்ளிப் போய் மேயும். பக்கத்தில் நீங்கள் நின்றால் அது வராது. நீங்கள் நிற்கும் ஒவ்வொரு மணியும் குட்டி பால் குடிக்காத மணி.

ஏற்கெனவே தொட்டுவிட்டீர்கள் என்றால் பயப்பட வேண்டாம், மனித வாசனை பட்டதற்காகத் தாய் ஒதுக்கிவிடுவது வழக்கமல்ல. ரம் தீவில் எடை போட்ட குட்டிகளையும் தாய்கள் வளர்க்கின்றன. எடுத்த இடத்திலேயே வைத்து விலகுங்கள். பசும்பால் புகட்டாதீர்கள். வயிற்றுப்போக்கு வந்தால் ஒரே நாளில் நீர் வற்றிவிடும்.

காயம், கண்ணிலோ தொப்புளிலோ ஈ முட்டை, பக்கத்தில் செத்த பிணை, எழுந்து நின்று விடாமல் கத்துவது, நாய்கள் சுற்றுவது: இவற்றில் ஒன்று இருந்தால் மட்டும் வனத்துறைக்குச் சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை நாய்களைத் தூரத்தில் நிறுத்துங்கள். குட்டி கிடக்கும் சரியான இடத்தை அலைபேசியில் குறித்துக்கொள்ளுங்கள். திரும்பக் கொண்டுபோய் விட அந்த இடம் தெரிய வேண்டும்.